சீதை இழுத்த கால்

நாட்டிய நாடகம் முடிந்ததும் ரசிகர்கள் மேடையேறி சபேசன் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். அசோகவனத்துச் சீதை இடது காலை இழுத்து இழுத்து நடந்தாளே, அது யார் அமைத்தது என்று கேட்டார்கள்.

"நான்தான். சோகத்தைக் காலில் வைத்தேன்."

"அது என் நடை," என்றாள் சலங்கை கட்டிவிடும் அம்சவேணி. முன்பு அவரிடம் சீதையாக ஆடியவள்.

மாஸ்டர் சிரித்தார். "அப்படியா? எங்கே, ஆடிக் காட்டு."

"இப்ப ஆட முடியாதுங்க." மேடையின் மறுகோடியில் கிடந்த சலங்கையை எடுக்க நடந்தாள். இடது கால் இழுத்து இழுத்து வந்தது. ரசிகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதே நடை.

"ஒத்திகையில தாளம் தட்டற தட்டுக்கழியால என் காலை அடிச்சு உடைச்சீங்க. அந்தக் காலோடவே ஆடச் சொன்னீங்க. அதைப் பார்த்துத்தான் மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க. நடை என்னுது, மாஸ்டர். உடைச்சது மட்டும்தான் உங்களுது."