போட்டது எது, வந்தது எது

விடாத மழை பெய்யும் ஒரு காட்டில் வீராயி என்ற கீரி இருந்தது. சுருக்கென்று கோபம் வரும். பேரம் பேசாமல் ஒரு ஈசலைக்கூட வாங்காது. அந்த வருஷ மழைக்கு அதன் குட்டிகள் குளிரில் வெடவெடத்துக் கிடந்தன.

வளைக்கு வளை விறகு வசூலித்துக்கொண்டு கரடி வந்தது. "ராஜா உத்தரவு. காய்ந்த சுள்ளியெல்லாம் ஆந்தையார் குகைக்குப் போகணும். அங்கே குட்டிச் சூரியன் செய்யறாங்க. ரெண்டு கூழாங்கல்லை நெருக்கி ஒண்ணாக்கிட்டா, காடு முழுக்கக் குளிர்காயலாம்."

"போன மழைக்கும் இதையேதானே சொன்னே கரடியண்ணே?"

"இந்தத் தடவை நடந்துடுச்சு. போட்டதைவிட அதிகமா வந்திருக்கு."

அதிகமாக வந்தால் மறுபடி விறகு எதற்கு? வீராயிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விறகைத் தானே தூக்கிக்கொண்டு நேராகக் குகைக்குப் போனது.

உள்ளே பெரிய உலை. யானைகள் துருத்தி மிதித்தன. விறகு மலைமலையாக எரிந்தது. நடுவில், இறுகிய கற்களுக்கிடையே பளிச்சென்று ஒரு வெளிச்சம். கண் கூசியது. மறுநொடி காணோம்.

"பார்த்தாயா? போட்டதைவிட அதிகம்" என்றது ஆந்தை.

"அப்போ இந்த விறகெல்லாம்?"

"அது உலைக்கு. கல்லுக்குள் போன சூடு கொஞ்சம்தான். போட்டது என்று நான் சொன்னது அதைத்தான்."

"சந்தையில இப்படிச் சொல்லியிருந்தா உங்க தராசை உடைச்சிருப்பேன் ஆந்தையாரே!"

"பொய் சொல்லவில்லையே. போன மழையில் இந்த வெளிச்சமும் இல்லை."

வீராயிக்குத் தலை சுற்றியது. வெளிச்சம் நிஜம். எரிந்த விறகும் நிஜம். கொடுத்தால் குட்டிகள் விறைக்கும். கொடுக்காவிட்டால் குட்டிகளின் குட்டிகளும் இப்படியே விறைக்கும். ஏமாற்றா, அதிசயமா? யோசித்தபடி சுவரில் சாய்ந்தது. முதுகு கதகதத்தது.

"இந்தச் சுவர் ஏன் சுடுது?"

"உலைச் சூடு. வீணாகப் போவது."

"வீணாவா?" வீராயி விறகைக் கீழே போட்டு, அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டது. "மழை விடற வரைக்கும் காட்டுக் குட்டிங்க எல்லாம் இந்தச் சுவரோரம் படுக்கும். சம்மதம்னா காலை எடுக்கறேன்."

"ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் குட்டிகளா? கூச்சல் போடுமே."

"போட்டா நான் கடிப்பேன்."

ஆந்தை உலையைப் பார்த்தது. நெருப்பு தணிந்துகொண்டிருந்தது. "சரி, கொண்டுவா."

வீராயி காலை எடுத்தது. பொழுது சாய்வதற்குள் சுவரோரம் முழுக்கக் குட்டிகள். சூரியன் எப்போது பிறக்கும் என்பது மட்டும் ஆந்தைக்கும் தெரியவில்லை, வீராயிக்கும் தெரியவில்லை.

நாளைய சூரியனுக்குக் கொடுக்கலாம். இன்றைய குளிருக்கு என்ன தருவாய் என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.