வேண்டாம் என்ற முதலாளி

எங்கள் முதலாளி ரத்தினசபாபதி எதைக் காட்டினாலும் முதலில் "வேண்டாம்" என்பார்; பிறகுதான் அது என்னவென்று பார்ப்பார். "நான் சொன்னா சொன்னதுதான்" என்பது அவருடைய இன்னொரு பெருமை. சென்னையின் பணக்காரக் கல்யாணங்களுக்கு உடை வடிவமைக்கும் அவருடைய நிறுவனத்துக்குப் புது கிரியேட்டிவ் டைரக்டர் தேவைப்பட்டார். பாரிஸ் வரை போய்ப் படித்தவர்களெல்லாம் வந்து, அந்த ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்பினார்கள்.

குண்டூசி எடுத்துக் கொடுக்கும் உதவியாளரான என்னை, கடைசியில் அவருடைய தங்கை கோமளவல்லி உள்ளே தள்ளினார். "இவளும் நல்லா வரைவா அண்ணா."

"பிடிக்கலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கே வரக் கூடாது. சரியா?" என்றார் முதலாளி.

படங்களை விரித்தேன். கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த பேச்சு முழுவதும் மறந்துபோயிற்று. "சார், இதையெல்லாம் எடுத்துட்டுப் போயிடட்டுமா?" என்று உளறினேன்.

"வேண்டாம்!" என்றார் பழக்கதோஷத்தில்.

கோமளவல்லி சிரித்துவிட்டார். அப்போதுதான் என் மூளை விழித்துக்கொண்டது. "அப்போ, இந்தப் பதவிக்கு வேற ஆள் பார்க்கலாமா சார்?"

தங்கையின் சிரிப்பில் கடுப்பாகியிருந்தவர், "வேண்டாம்!" என்று கத்தினார்.

"நீங்க சொன்னா சொன்னதுதானே அண்ணா?" என்றார் கோமளவல்லி.

முதலாளி அதன் பிறகுதான் படங்களைப் பார்த்தார். நல்லவேளை, அவை அவ்வளவு மோசமாக இல்லை.

இப்போது எனக்குத் தனி அறை. தினமும் "காபி வேணுமா மேடம்?" என்று கேட்கிறார்கள். கூச்சத்தில் "வேண்டாம்" என்று சொல்லித் தொலைக்கிறேன். அந்த அறையில் இன்றுவரை ஒரு வாய் காபி குடித்ததில்லை.