தொண்ணூறின் சின்னக் கட்டம்

முப்பத்தைந்து எம்.எம். லென்ஸைக் கழற்றி ஐம்பதை மாட்டினாள் ஜெசிந்தா. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள், இறக்கினாள். ஐம்பதும் கழன்று மேசைக்கு வந்தது.

"ஏளா, பஸ்ஸு போயிரும்" என்றான் வாசலில் நின்ற அவள் கணவன் ராயன். "மூணு லென்ஸையும் பைக்குள்ள அள்ளிப் போட்டுட்டு வா."

"மெர்லின் கல்யாணத்துக்கு மூணும்தான் கொண்டுபோனேன். மாத்தி மாட்டிட்டு நிமிர்ந்தா தாலி கட்டி முடிச்சிட்டாங்க. இன்னைக்கு ஒண்ணுதான்."

மெர்லின் அவள் கடைக்குட்டித் தங்கை. இன்று மெர்லினின் குழந்தைக்கு மாதா கோயிலில் ஞானஸ்நானம். அண்ணன் கஸ்பார் வருவான், தம்பி லியோனும் வருவான். இருவரும் கூட்டாக ஒரு படகு வாங்கியிருந்தார்கள். அதற்கு யார் மகளின் பெயரை வைப்பது என்று தொடங்கிய பேச்சோடு அவர்களுக்குள் பேச்சே நின்றுபோனது. படகு இன்னும் பெயரில்லாமல்தான் கடலுக்குப் போய்வருகிறது. ஒருவன் ஏறுகிற நாளில் மற்றவன் ஏறுவதில்லை.

அந்த இருவரையும் ஒரே படத்தில் பிடித்துவிட வேண்டும். ஜெசிந்தாவுக்கு இன்று வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மேசையில் விரித்த துண்டின்மேல் கிடந்த லென்ஸ்களும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தன.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றது முப்பத்தைந்து. "நான் போனால் இரண்டு பேரும் படத்தில் விழுவார்கள். கோயிலும் விழும், கொடிமரமும் விழும்."

"விழுவார்கள், இரண்டு எறும்பு மாதிரி" என்றது தொண்ணூறு. "நடுவில் முப்பது அடிக்கு வெறும் மணல்."

"கொஞ்சம் நெருங்கி நின்றார்கள் என்றால் நானே போதும்" என்றது ஐம்பது.

"நெருங்கி நிற்கிறவர்களாக இருந்தால் யார் போனாலும் போதுமே" என்றது சன்னல்.

சன்னல் கேமராவின் மூலையில் இருந்தது. அந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, சன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். எந்த லென்ஸை மாட்டுகிறோமோ அதற்கான கட்டம் வெள்ளைக் கோடாகச் சன்னலில் விழும். கோட்டுக்குள் இருப்பது மட்டுமே படம். முப்பத்தைந்தின் கட்டம் சன்னலை ஏறக்குறைய நிறைத்துவிடும். தொண்ணூறின் கட்டம் நடுவில் ஒரு தபால்தலை அளவுக்குக் கிடக்கும். இதைச் சொல்லியே மற்ற இரண்டும் அதைக் கேலி செய்யும்.

ஜெசிந்தா தொண்ணூறை எடுத்து மாட்டினாள்.

"அண்ணனைத் தனியா ஒண்ணு, தம்பியைத் தனியா ஒண்ணு எடுத்துக்கிடுதேன். சட்டம் போட்டு மெர்லின் வீட்டுல பக்கத்துல பக்கத்துல மாட்டிருவோம்."

"அப்போ செவுத்துலயும் பேச்சு கிடையாது" என்றான் ராயன்.

"வேற என்ன செய்யச் சொல்லுதிய?"

அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"போய் வா" என்று மேசையிலிருந்து சொன்னது முப்பத்தைந்து. "ஆளுக்கொரு துண்டாக நறுக்கிக்கொண்டு வா."

தான் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டோம் என்று தொண்ணூறுக்குத் தெரிந்திருந்தது.

மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். கஸ்பார்தான் ஞானத்தகப்பன். புதுச் சட்டையோடு கோயில் சுவரோரம் விறைப்பாக நின்றான். குழந்தை தம்பி லியோனின் கையில் இருந்தது. அவன் வெகுதூரத்தில், பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றான்.

"அண்ணே, இங்க பாரு" என்றாள் ஜெசிந்தா.

தூரம் இன்னும் சரியாகாததால் சன்னலின் நடுவில் கஸ்பாரின் முகம் இரண்டாகத் தெரிந்தது. அவள் லென்ஸின் வளையத்தை மெல்லத் திருப்பினாள். இரண்டு முகங்களும் நகர்ந்து நகர்ந்து ஒன்றாயின. விரல் பொத்தானுக்குப் போனது.

அப்போது குழந்தை வீறிட்டது.

"யாராவது வாங்குங்களேன். எனக்கு அடங்க மாட்டேங்குது" என்றது லியோனின் குரல்.

"யண்ணே, மாமாகிட்ட குடு!" என்று சாப்பாட்டுப் பந்தியிலிருந்து கத்தினாள் மெர்லின். எந்த மாமா என்று அவள் சொல்லவில்லை.

"என்ன நடக்கிறது?" என்று கேட்டது தொண்ணூறு. "எனக்கு அண்ணன் மட்டும்தான் தெரிகிறான்."

"எனக்குக் கோட்டுக்கு வெளியேயும் தெரியும்" என்றது சன்னல். "உன் கட்டம் சின்னது. அதனால் வெளியே நிறைய இடம் இருக்கிறது. தம்பி வருகிறான்."

"வருகிறானா?"

"நின்றுவிட்டான். செருப்பைப் பார்க்கிறான். குழந்தையைத் தோள் மாற்றுகிறான்."

"அவளிடம் சொல். இப்போது அழுத்திவிடப் போகிறாள்!"

"சொல்ல எனக்கு வாய் கிடையாது. நான் பார்ப்பதைத்தான் அவளும் பார்க்கிறாள்."

பொத்தானின் மேலிருந்த விரல் அப்படியே நின்றது.

"ஏளா, எடுக்கியா இல்லியா?" என்றான் ராயன். "மச்சானுக்குக் கழுத்து பிடிச்சிக்கிடப் போவுது."

"சும்மா இருங்க."

கஸ்பார் அசையாமல் நின்றான். தங்கை ஏன் காத்திருக்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. சிரிக்கச் சொல்கிறாளோ என்று நினைத்துக் கொஞ்சம் சிரித்தும் பார்த்தான்.

"நடக்கிறான்" என்றது சன்னல். "கோட்டுப் பக்கம் வந்துவிட்டான்."

முதலில் ஒரு முழங்கை தொண்ணூறுக்குத் தெரிந்தது. பிறகு குழந்தையின் வெள்ளைக் குல்லா. பிறகு லியோன்.

"பிடி" என்றான் லியோன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

கஸ்பார் கையை நீட்டினான். நீட்டியவன் பதறினான்.

"ஏல, தலையைப் பிடில! இப்படியா பிள்ளையைத் தூக்குவ?"

"பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். நீ மொதல்ல கையை அண்டக் குடு."

சன்னலின் நடுவில் இப்போது யாருக்கும் இரண்டு முகம் இல்லை. இருவரும் ஒரே தூரத்தில் நின்றார்கள். வளையத்தைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. ஜெசிந்தா பொத்தானை அழுத்தினாள்.

"வந்ததா?" என்றது சன்னல்.

"நிறைய வந்தது" என்றது தொண்ணூறு. "நான்கு கை, ஒரு குழந்தை. இதற்குமேல் எனக்குள் இடமில்லை."

"விழுந்துச்சா?" என்று ராயன் கேட்டான்.

"விழுந்துருச்சி" என்றாள் ஜெசிந்தா. கேமராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பந்திப் பக்கம் நடந்தாள். ராயனும் பின்னால் போனான்.

சுவரோரத்தில் கஸ்பார் குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தான். அழுகை அடங்கி அது கண்ணைத் திறந்தபோது வெயில் நேராக முகத்தில் அடித்தது. லியோன் வேறெங்கோ பார்த்தபடி ஓரடி இடப்பக்கம் நகர்ந்து, வெயிலை மறைத்து நின்றுகொண்டான்.