மரச்சீனிக்குள் ஒரு வழி

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. ஆசான் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அதனால் ஆசான் சீடரை ‘அண்ணே’ என்றார், சீடர் ஆசானை ‘ஆசானே’ என்றார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் ‘நீங்க’ போட்டுப் பேசிக்கொண்டார்கள். குமரி மாவட்டத்து ரப்பர் மலைகளுக்குக் கீழே இருந்த அந்த ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. மரம் அறுக்கிற செயின்சா மிஷினுக்கு முன்னால் வயதைச் சொல்லித் தப்ப முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சீடர் பெயர் தங்கையன். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் ‘பட்டாளம்’ என்று சொன்னாலே அவர்தான். ஆசான் பெயர் ஏசுவடியான். வாலிப வயதிலிருந்து ரப்பர் தோட்டங்களில் மரம் அறுக்கிறவர். கையிலும் காலிலும் பிறந்தபோது இருந்தது எல்லாம் அப்படியே இருந்தது. அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

தங்கையனுக்கு ஓர் அவசரம் இருந்தது. ஐப்பசிக் காற்றில் அவர் வீட்டை ஒட்டி நின்ற அயனி மரம் வேர்ப்பக்கம் மண்ணைப் பிளந்துகொண்டு லேசாகச் சாய்ந்துவிட்டது. சாய்ந்தது தோட்டத்துப் பக்கம்தான். ஆனாலும் அவர் மனைவி லீலாபாய் மரத்தை ஒருமுறை பார்த்தாள், ஓட்டுக் கூரையை ஒருமுறை பார்த்தாள், துணிமணியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

“மரம் போனா நான் வாறேன்,” என்றாள்.

“ஆள் வெச்சு வெட்டாண்டாம். எனக்க கையால வெட்டிச் சாய்ச்சிட்டு வந்து உன்னக் கூப்பிடுதேன்,” என்றார் தங்கையன். ஊர் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

லீலாபாய் கொஞ்சம் யோசித்தாள். “அப்பம் ஏசுவடியான் ஆசான் சரின்னு சொல்லணும். அவரு சொல்லாம மிஷினத் தொட்டீங்கன்னா, மரம் போனாலும் நான் வரமாட்டேன் பாத்துக்கிடுங்க.”

ஆகவே, தங்கையன் வீட்டில் மறுபடியும் வாய்க்கு ருசியாக ஒரு குழம்பு கொதிப்பது ஆசானின் ஒரே ஒரு சொல்லைப் பொறுத்து இருந்தது. அவரே வைத்த கஞ்சியை அவரே குடித்துக்கொண்டு, தினமும் ஆசானின் கொட்டகைக்குப் போனார்.

“ஆசானே, நான் எப்பம் மரம் வெட்டலாம்?”

ஆசான் ஓர் அரத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். “இந்தச் சங்கிலிக்குப் பல்லு தீட்டுங்க.”

தங்கையன் தீட்டினார். முன்னும் பின்னுமாக, பாத்திரம் துலக்குகிற வேகத்தில்.

“முன்னால தள்ளும்போது மட்டும் தேயணும். திரும்பும்போது அரம் பல்லத் தொடப்படாது. ஒரு பல்லுக்கு எத்தனை தடவையோ, எல்லாப் பல்லுக்கும் அத்தனை தடவை.”

“இல்லேன்னா?”

“நேரா வெட்டணும்னு நீங்க நினைப்பீங்க. மிஷின் வேற மாதிரி நினைக்கும்.”

சில நாள் கழித்து மறுபடியும் கேட்டார். “ஆசானே, இப்பம் வெட்டலாமா?”

ஆசான் ஒரு தடியைக் காட்டி, அறுத்துப் பாருங்கள் என்றார். தங்கையன் உற்சாகமாக அறுத்தார். சங்கிலி சூடேறித் தொய்ந்தது. பட்டாளத்தில் எதையும் தொய்வாக விட்டுப் பழக்கமில்லாதவர் அந்தச் சூட்டோடேயே திருகை முறுக்கி இறுக்கிவிட்டு, ஆசானோடு சாயா குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் சங்கிலி அசையவில்லை. ஆறிச் சுருங்கி, தான் சுற்றியோடுகிற தகட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது.

“கெட்டுப்போச்சா ஆசானே?”

“கெடல்ல. சூட்டுல நீங்க செஞ்சது, ஆறினப்பம் தெரியுது.”

தங்கையனுக்குச் சுருக்கென்றது. திருகைத் தளர்த்திச் சரி செய்தார். அன்றிலிருந்து இறுக்குவதற்கு முன் சங்கிலி ஆறட்டும் என்று காத்திருக்கப் பழகினார். எண்ணெய் ஊற்றுவது, காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்வது, மிஷின் ஆறும்வரை பெட்ரோல் ஊற்றாமல் இருப்பது, கட்டைவிரல் பிடியைச் சுற்றியே இருப்பது, தகட்டின் நுனி எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் வந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை.

ரப்பர் தோட்டத்தில் ஆசான் எந்த மரத்தையும் அறுப்பதற்கு முன்னால் மிஷினைத் தொடமாட்டார். மரம் விழப்போகிற திசைக்குப் பின்பக்கம், இடதும் வலதுமாகச் சரித்து இரண்டு வழி போடுவார். செடியை வெட்டுவார், கல்லை எடுப்பார், சருகைக் காலால் தள்ளுவார். அப்புறம்தான் ஹெல்மெட்டை மாட்டுவார்.

“இது எதுக்கு ஆசானே?”

“ஓடுறதுக்கு.”

“வெட்டுறதுக்கு முன்னாலயே ஓடுறதுக்கு வழியா? எங்க பட்டாளத்துல இப்பிடி ஒருத்தன் கேட்டிருந்தா அவன மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.”

ஆசான் சிரித்தார். ஒரு முட்செடியை வேரோடு பிடுங்கி எறிந்தார்.

தங்கையனுக்கு அது உறுத்தலாகவே இருந்தது. ஆசானைப் பிடித்திருந்தது, ஆசானின் வழி பிடிக்கவில்லை. இவ்வளவு கைத்திறமை உள்ள மனுஷன் மனதுக்குள் கொஞ்சம் கோழைதான் போல என்று தனக்குள் முடிவு செய்து, அதற்காக ஆசான்மேல் பரிதாபமும் பட்டுக்கொண்டார்.

ஒருநாள் ஆசான் தானாகவே சொன்னார். “சனிக்கிழமை உங்க அயனிய வெட்டலாம். நான் பக்கத்துல நிப்பேன். சரியா வராதுன்னு தோணிச்சுன்னா நிறுத்திருவேன்.”

தங்கையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமையே மரமேறுகிற ஆளை வைத்து ஓட்டுப்பக்கக் கொம்புகளை இறக்கினார். பல்லைத் தீட்டினார். ஆறின சங்கிலியை அளவாக இறுக்கினார். பெட்ரோல் ஊற்றி வைத்தார். லீலாபாய்க்கும் ஆள் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை காலையில் பாதி ஊர் இடைவழியில் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுச் செல்லக்கண் நாற்காலி போட்டே உட்கார்ந்துவிட்டார். லீலாபாய் கூட்டத்துக்குப் பின்னால் அண்ணன் மகளோடு நின்றாள்.

ஆசான் மிஷினைப் புரட்டிப் பார்த்தார். சங்கிலியை விரலால் இழுத்துவிட்டார். வடிகட்டியைத் திறந்து மூடினார். பிரேக்கைத் தள்ளிப் பார்த்தார். தங்கையன் தலையில் ஹெல்மெட், காதில் காதடைப்பான், தொடையில் கனத்த உறை எல்லாம் இருந்தது.

“எல்லாம் சரி,” என்றார் ஆசான். தங்கையன் நெஞ்சு நிமிர்ந்தது. “வழி எங்க?”

தங்கையன் பின்னால் கையைக் காட்டினார். இடதுபக்கம் முற்றம், காலியாக இருந்தது. வலதுபக்கம் மரத்தின் அடியிலிருந்து கிணறு வரைக்கும் மரச்சீனி, அதாவது மரவள்ளி, இடுப்புக்கு மேல் வளர்ந்து அடர்ந்து நின்றது.

“வலத்தப்பக்கம்?”

“அது லீலா நட்டதாக்கும். தை மாசம் கிழங்கு பறிக்கணும்.”

“அப்பம் அந்தப் பக்கம் ஓட வேண்டி வந்தா?”

“வராது ஆசானே. நான் ஓடுற ஆளும் இல்ல.”

ஆசான் தலையாட்டினார். “மிஷினக் கீழ வையுங்க.”

வைத்தார்.

“மரம் முற்றத்துப் பக்கமாத் திரும்பி விழுது. ஓடுங்க.”

“என்னது?”

“விழுதுண்ணே. ஓடுங்க.”

பட்டாளத்தில் உத்தரவு கேட்டுப் பழகிய கால், தங்கையனைக் கேட்காமலேயே ஓடிற்று. மூன்றாவது எட்டில் ஒரு மரச்சீனித் தண்டு கணுக்காலில் மாட்டியது. ஹெல்மெட்டும் காதடைப்பானுமாக அவர் செடிகளுக்குள் முகங்குப்புற விழுந்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. செல்லக்கண் நாற்காலியோடு ஆடினார்.

தங்கையன் எழுந்து மண்ணைத் துப்பினார். ஆசான் சிரிக்கவில்லை. கையுறைகளைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு வேண்டாம்ணே.”

அந்தச் சொல் தங்கையனுக்கு, விழுந்ததைவிட அதிகமாக வலித்தது. இத்தனை ஆட்கள் முன்னால், இவ்வளவு தூரம் வந்த பிறகு. லீலாபாய் இன்னைக்கும் அண்ணன் வீட்டுக்குத்தான் திரும்பிப் போவாள். அந்தச் செடிகளை வெட்டினாலோ, அவள் கோபித்துக்கொண்டு வராமலே இருந்துவிடுவாள். மரத்துக்குப் பயப்படாத மனுஷன் மரச்சீனிக்குப் பயந்து நின்றார்.

கூட்டம் விலகியது. லீலாபாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். சிரித்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“எந்தப் பக்கமா வழி வேணும் ஆசானே?”

“மரத்தடியில இருந்து கிணத்துப் பக்கமாச் சரிச்சு, அக்கா.”

அவள் குனிந்து முதல் தண்டைப் பிடித்து ஆட்டி, ஒரே இழுப்பில் பிடுங்கினாள். விரல் தடிமனுக்குக் கிழங்கு வந்தது.

“லீலா, கிழங்கு இன்னும் முத்தல்லியே,” என்றார் தங்கையன் பதறிப்போய்.

“கிழங்கு இந்த வருசம் இல்லேன்னா அடுத்த வருசம். தள்ளி நில்லுங்க.”

அவர் தள்ளி நிற்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் குனிந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்கினார்கள். அவள் ஒரு வரிசை போக, அவர் ஒரு வரிசை போனார். பிடுங்கின குழிகளை அவர் காலால் மிதித்து மூடினார். இத்தனை நாளும் வீட்டில் தனியாகக் கஞ்சி குடித்தபோது வராத அழுகை, இந்தச் செடிகளைப் பிடுங்கும்போது அவருக்கு வரப் பார்த்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது.

கிணறு வரைக்கும் வழி வந்ததும் ஆசான் அதில் ஒருமுறை நடந்துபோய்த் திரும்பினார். ஒரு கல்லை எடுத்து எறிந்தார்.

“சரி,” என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டு லீலாபாய் கூட்டத்தோடு தூரப் போய் நின்றுகொண்டாள்.

தங்கையன் ஹெல்மெட்டை மறுபடியும் மாட்டினார். மிஷினைத் தரையில் வைத்து, பிடியைக் காலால் அமுக்கி, கயிற்றை இழுத்தார். விழுகிற பக்கம் முக்கோணமாக வாய் வெட்டினார். பின்னால் வந்து எதிர்வெட்டுப் போட்டார், நடுவில் மரத்தைக் கொஞ்சம் விட்டுவைத்தார். ஆப்பை அடித்தார். அயனி ஒருமுறை முனகியது. அவர் மிஷினை நிறுத்திக் கீழே வைத்துவிட்டு, மேலே பார்த்தபடியே மரச்சீனி வழியாகக் கிணற்றடிக்குப் போனார். நடந்தாரா ஓடினாரா என்று கேட்டால், இரண்டுக்கும் நடுவில்.

மரம் நினைத்த இடத்தில்தான் விழுந்தது. ஆனால் விழுகிற போக்கில் பக்கத்து மாமரத்தை உரசியது. மாமரத்திலிருந்து தொடை பருமனுக்கு ஒரு கொம்பு முறிந்து பின்னால் எகிறி வந்தது. தங்கையன் நின்று ஆப்படித்த இடத்தில் மண்ணைக் குத்திக்கொண்டு நின்றது.

எல்லோரும் அந்தக் கொம்பைப் பார்த்தார்கள். பிறகு செல்லக்கண்தான் நாற்காலியிலிருந்து சொன்னார்.

“எங்க பட்டாளம் நல்லா ஓடிச்சே.”

“ஓடிச்சு,” என்றார் தங்கையன். அவருக்குக் கோபமே வரவில்லை.

மத்தியானம் லீலாபாய் அந்த இளங்கிழங்கை அவித்தாள். சாளை மீன் குழம்பு வைத்தாள். எல்லோரும் அயனித் தடிமேலேயே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கிழங்கு பிஞ்சாக, தித்திப்பாக இருந்தது. செல்லக்கண் மூன்றாவது தடவை வாங்கினார்.

தங்கையன் மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆசானே, அது முறிஞ்சு வரும்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியாதுண்ணே.”

“இத்தனை வருசத்துல உங்களுக்கு ஓட வேண்டி வந்தது எத்தனை தடவை?”

ஆசான் ஒரு துண்டுக் கிழங்கைக் குழம்பில் முக்கினார். “ரெண்டோ மூணோ இருக்கும்.”

“அவ்வளவுதானா? அப்பம் நீங்க ஓடினது எத்தனை மரத்துக்கு?”

“எல்லா மரத்துக்கும்,” என்றார் ஆசான்.