எதிர்க்கரை மண்

பீகாரின் வடக்கே கோசி என்று ஓர் ஆறு ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். எங்கே ஓடுகிறது என்று கேட்டால்தான் வம்பு. தாத்தா காலத்தில் ஊருக்குக் கிழக்கே ஓடியது. அப்பா காலத்தில் ஊருக்கு நடுவிலேயே ஓடியது. இப்போது மேற்கே ஓடுகிறது. இமயத்தில் எங்கோ மலை சரிய, அந்த மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வந்து சமவெளியில் கொட்டும். கொட்டிக் கொட்டித் தன் படுகையைத் தானே மேடாக்கிக்கொள்ளும். பிறகு பள்ளம் தேடிப் பக்கத்து ஊருக்குள் நுழையும்.

எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அங்கே கல் கிடைக்காது. மணல், களி, மறுபடியும் மணல். அம்மிக்கு ஒரு கல் வேண்டுமென்றால்கூடக் கங்கையைத் தாண்டித் தெற்கே போக வேண்டும். அந்த மண்ணில்தான் ஜனங்கள் வீடு கட்டுகிறார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறார்கள், பேரப்பிள்ளை எடுக்கிறார்கள். வேறு எங்கே போவார்கள், பாவம்.

கிழக்குக் கரையில் பஸ்பிட்டி என்றொரு ஊர். அங்கே புல்கித் மண்டல் என்று ஒருவர் இருந்தார். வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் தேத்ரியை எதிர்க்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார். கொஞ்சம் மக்காச்சோளம் போடுவார், இரண்டு எருமை வைத்திருந்தார். ஆனால் ஊரில் அவருக்கு இருந்த மதிப்பு அதனால் அல்ல. ஆற்றுக்குள் மூங்கில் தடுப்புக் கட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கழிகளைச் சாய்வாக வரிசையாய் அடித்து, நடுவில் முள்ளும் கிளையும் பின்னி, அடியில் மணல் மூட்டைகளை அடுக்குவார். கரையில் மோத வரும் தண்ணீர் அதில் பட்டுத் திரும்பி எதிர்ப்பக்கம் போய்விடும்.

எதிர்ப்பக்கம் போய் அது என்ன செய்யும் என்று கேட்காதீர்கள். பஸ்பிட்டியில் யாரும் கேட்பதில்லை. எதிர்க்கரைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, அவர்களும் கட்டுவார்கள். அப்போது இந்தப் பக்கம் இடியும்.

ஊர்க்கோடியில் ஒரு மடம் இருந்தது. மடம் என்று பெயர்தான் பெரிது, நாணல் கூரையும் ஒரு பானையும் ஒரு பாயும்தான். அங்கே லோச்சன் தாஸ் என்ற சாமியார் இருந்தார். ஊர் கொடுக்கிற தானியத்தில் பிழைப்பு. புல்கித்தைவிட இருபது வயது சின்னவர். மனைவி செத்த வருஷம் புல்கித் அவரிடம் போய்த் துளசி மணி வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டார். பேரன் எடுக்கிற வயசில் ஒரு பொடியனிடம் போய் உபதேசம் வாங்கினாயா என்று ஊரே கேலி செய்தது. புல்கித் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சின்னவர் தேவையில்லாமல் ஆறுதல் சொல்லவில்லை, அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த வருஷம் மழை ஓயப்போகிற சமயத்தில் ஆறு பஸ்பிட்டியை அரிக்க ஆரம்பித்தது. அடியில் குடைந்து குடைந்து, மேலே இருக்கிற கரையை அல்வாத் துண்டு மாதிரி வெட்டி எடுத்தது. ஜனங்கள் வீட்டுக் கூரையை அப்படியே பெயர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே தள்ளிப் போனார்கள். அங்கே அதுதான் வழக்கம். சுவரை ஆற்றுக்கு விட்டுவிடுவார்கள், கூரையைக் காப்பாற்றுவார்கள். ஆறு விடவில்லை, பின்னாலேயே வந்தது. ஊர் மொத்தமும் புல்கித் வீட்டு வாசலில் வந்து நின்றது. தடுப்புக் கட்டு என்றது.

அதற்கு முந்தின நாள்தான் எதிர்க்கரையிலிருந்து சேதி வந்திருந்தது. தேத்ரிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கென்று ஒதுக்கிய அறையில், வாசலில் தீ மூட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள், ஆறாம் நாள் சடங்கு வரை வெளியே வரக் கூடாது. அந்த அறை ஆற்றைப் பார்த்தது.

புல்கித் ஊரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆறாம் நாள் சடங்கு முடியட்டும், மகளை இங்கே கூட்டிவந்துவிட்டுக் கட்டுகிறேன் என்று கெஞ்சினார். அதுவரை ஊர் இருக்காது என்றார்கள். அவர்கள் சொன்னதும் நிஜம்தான். அவரே காலையில் போய்க் கரையைப் பார்த்திருந்தார்.

மடத்துக்குப் போனார். லோச்சன் தாஸ் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"பாபா, நான் கட்டினா அந்தக் கரை போகும். அங்க என் பொண்ணு இருக்கா. கட்டலைன்னா இந்த ஊர் போகும். நான் என்ன செய்யட்டும்?"

குரு ஊதுவதை நிறுத்தினார்.

"வேற யாராவது கட்டுவாங்களா?"

"கட்டுவாங்க. நிக்காது."

குரு எழுந்தார். ஆற்றை நோக்கி நடந்தார், புல்கித் பின்னாலேயே போனார். ஆற்றங்கரையில் கழிகள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். யாரோ கொடுத்த மரக் கொட்டாப்புளியை வாங்கி ஓங்கி அடித்தார். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. சாமியாருக்கு அந்த வேலை என்ன தெரியும்? கழி கோணலாக நின்றது. தண்ணீர் அதை ஆட்டிப் பார்த்தது.

புல்கித் கரையில் நின்றுகொண்டிருந்தார். தொழில் தெரிந்த கை சும்மா இருக்குமா? இறங்கிப் போய்க் கழியைப் பிடுங்கி, சரியான சாய்வில் ஊன்றி, கொட்டாப்புளியை வாங்கி அடித்தார். அடுத்த கழியை நீட்டினார்கள். அதையும் அடித்தார். பொழுது சாயும்போது தடுப்பு நின்றது. கரை விழுவது நின்றது. பெண்கள் அவர் காலில் விழுந்தார்கள். அவர் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் படகு போட்டுக்கொண்டு போனார். எதிர்க்கரை ஓரத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கரையேறினார். சம்பந்தியம்மா கெட்டவள் இல்லை. சோறு போட்டாள், பேத்தி என்று சொன்னாள். தண்ணீர் சுழிக்கிறது, மகளை இன்றே கூட்டிப்போகிறேன் என்றார் அவர். ஆனால் பச்சை உடம்புக்காரி ஆறாம் நாள் ஆகாமல் எப்படி ஆற்றைக் கடப்பாள் என்று கேட்டாள். தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது, சடங்கு முடிந்த கையோடு நானே அனுப்பி வைக்கிறேன் என்றாள்.

அந்த இடத்தில் அவர் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். இதை நானும் நீங்களும் சொல்லலாம். அந்த வழக்கம் அவருடையதும்தானே? தேத்ரி பிறந்தபோது அவரே தன் மனைவியை அப்படித்தான் வைத்திருந்தார். வாசல் தீயைத் தாண்டி ஆண்பிள்ளை உள்ளே போகக் கூடாது. வெளியே நின்றபடி வருகிறாயா என்று மகளைக் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நாள்தானே அப்பா" என்றாள் உள்ளேயிருந்து. "அப்புறமா வந்து கூட்டிட்டுப் போங்க."

குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. முகத்தைப் பார்க்கவில்லை. படகேறித் திரும்பி வந்தார்.

அடுத்த நாள் விடியலில் எதிர்க்கரை விழுந்தது. துண்டு துண்டாக இல்லை, ஒரே பாளமாக. மற்றவர்கள் எழுந்து ஓடினார்கள். ஆற்றைப் பார்த்த அந்த அறை சுவரோடும் தீயோடும் உள்ளே போனது. தேத்ரியும் போனாள், குழந்தையும் போனது. ஆற்றின் கீழ்ப்போக்கில் நாட்கணக்காய்த் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. கோசி எடுத்ததை லேசில் திருப்பிக் கொடுக்காது.

புல்கித் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அழுதார். எருமைக் கொட்டிலில் போய் உட்கார்ந்து, வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதார். மடத்துப் பக்கம் போவதை நிறுத்தினார்.

மழை ஓய்ந்தது. தண்ணீர் வடிந்தது. மூங்கில் தடுப்புக்குப் பின்னால், பஸ்பிட்டியின் காலடியில், புதிதாக ஒரு திட்டு எழுந்தது. ஆறு ஒரு பக்கம் அரித்ததை இன்னொரு பக்கம் படிய வைக்கும், அதன் குணம் அது. நல்ல கறுப்பு வண்டல். மிதித்தால் வெண்ணெய் மாதிரி விரலிடுக்கில் பிதுங்கியது. ஈரம் காய்வதற்குள் விதை தூவினால் போதும், உழவுகூட வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். முதல் பங்கு புல்கித்துக்குத்தான், அவர் இழந்ததற்கு முன்னால் இது என்ன பெரிது என்று ஒரே குரலில் முடிவு செய்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். விதைப் பருப்பையும் மூட்டை கட்டி வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள்.

புல்கித் தனியாகத் திட்டுக்குப் போனார். குனிந்து குனிந்து தேடினார். ஒரு வளையல் துண்டு, ஓர் அடுப்புக் கரி, சுவர்ப்பூச்சில் ஒரு சில்லு, ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தார். ஒன்றுமே இல்லை. அவ்வளவு சுத்தமான மண். ஒரு பிடி அள்ளிக்கொண்டு நேரே மடத்துக்கு நடந்தார்.

லோச்சன் தாஸ் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். உட்காரச் சொன்னார். புல்கித் உட்காரவில்லை.

"முதல் கழி நீங்க அடிச்சது."

"ஆமாம்."

"என் பொண்ணு போயிடுவான்னு தெரிஞ்சுதான் அடிச்சீங்களா?"

"தெரிஞ்சுதான்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விதி என்றாவது சொல்லியிருக்கலாம்.

"ஏன் பாபா?"

குரு துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"இந்த ஊர்க்காரங்க முகத்தை தினமும் பார்க்கறேன். உங்க பொண்ணு முகத்தை நான் பார்த்ததில்லை."

புல்கித் கையிலிருந்த மண்ணை இறுக்கிப் பிடித்தார்.

"அப்ப இந்தப் பாவம் யாருக்கு?"

"எனக்கு."

"நீங்க எடுத்துக்கிட்டா எனக்குக் குறையுமா?"

"குறையாது."

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? புல்கித் திரும்பிப் போகப் பார்த்தார். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். மூடிய கையைக் குருவின் முன்னால் நீட்டி விரித்தார். வண்டல் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது அவ வாசல். இதுல விதைக்கச் சொல்றாங்க. இதுல விளையறதை நான் எப்படிச் சாப்பிடுவேன்?"

குரு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை.

"இவ்வளவு காலமும் நாம யார் வாசல்ல விளைஞ்சதைச் சாப்பிட்டோம், புல்கித்?"