உள்ளங்கை வைத்த பக்கம்

ஏரி நடுவே ஒரு திட்டு. திட்டில் ஒரு குடிசை. அங்கிருந்த குருவுக்குத் தம் சீடர் அம்பலவாணரைவிட வயது குறைவு. இருவருக்கும் அது ஒரு பொருட்டில்லை.

அம்பலவாணர் பள்ளிக்கூட வாத்தியார். மனசு சரியில்லை என்றால் பரிசல் ஏறித் திட்டுக்கு வந்துவிடுவார். அன்று மதியம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"இருபது வருஷமா வாசிக்கச் சொல்லித் தர்றேன், சாமி. கடகடன்னு வாசிக்கிறாங்க. என்ன வாசிச்சேன்னு கேட்டா முழிக்கிறாங்க."

"அப்போ சொல்லித் தர்றதை விட்டுடுங்க." குரு பூசணி விதைகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்.

"கேலி வேண்டாம். நாளைக்கு ஒரு புள்ளையை அதே வகுப்புல நிறுத்தி வைக்கப்போறேன். நிறுத்தினா அவ அப்பன் ஆடு மேய்க்க அனுப்பிடுவான். எனக்குச் சோறு இறங்கலை."

"என்ன பண்ணினா?"

அம்பலவாணர் பையிலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்தார்.

"ஓடக்காரர் பாடம். எதிர்க்கரையில நின்ன தாய் கூப்பிட்டது அவர் காதுல ஏன் விழலைன்னு கேட்டேன். ஆறு அகலம், அதனால விழலை. புத்தகத்துலயே இருக்கு. இந்தச் சிலம்பாயி எழுந்து, 'மழைச் சத்தம் சார்'ங்கறா. பாடத்துல மழைங்கற சொல்லே கிடையாது."

"சரி."

"எந்த வரியில இருக்கு, விரல் வச்சுக் காட்டுன்னேன். விரல் வைக்கலை. உள்ளங்கையை விரிச்சுப் பக்கம் முழுக்க வச்சா. திமிரு."

"வாசிங்க," என்றார் குரு.

அம்பலவாணர் வாசித்தார். "ஓடக்காரர் துண்டைப் பிழிந்து... அதாவது, துண்டை முறுக்கி..."

"எனக்குத் துண்டு தெரியும். திரும்ப."

விளக்கமில்லாமல் வாசித்தார். ஒரே மூச்சில் முடித்தார்.

"யார் துரத்துறாங்க? திரும்ப."

அம்பலவாணருக்குக் கோபம் வந்தது. குருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தனக்கு மட்டும் கேட்கும்படி வாசித்தார்.

'ஓடக்காரர் துண்டைப் பிழிந்து தலையில் போட்டார். ஓடத்துக்குள் நின்ற தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றினார். எதிர்க்கரை மங்கலாகத் தெரிந்தது. அங்கே ஒரு தாய் குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றாள். அவள் கூப்பிட்டாள். ஆறு அகலமானது. அவர் காதில் விழவில்லை.'

துண்டு என்ற இடத்தில் நின்றார். அது ஏன் நனைந்திருந்தது?

சிரட்டை பலகையில் உரசும் சத்தம் கேட்டது. ஏரியின் அக்கரை மெல்லக் கரைந்து எங்கோ போனது. மண் வாசனை எழுந்தது. சேலைத் தலைப்புக்கு அடியில் ஒரு சின்னக் கால் மட்டும் வெளியே தெரிந்தது. கொலுசு இல்லாத கால். இத்தனை வருஷம் அந்தத் தாயைப் பற்றி எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டிருக்கிறார். அவளை இப்போதுதான் பார்க்கிறார். அவள் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. சடசடவென்று வேறு சத்தம்தான்.

அம்பலவாணர் தோள் துண்டை எடுத்துப் புத்தகத்தின் மேல் போட்டுக் குனிந்துகொண்டார்.

"என்ன செய்றீங்க, வாத்தியாரே?"

"புத்தகம் நனையுது, சாமி."

திட்டு முழுக்க வெயில். ஏரியில் ஒரு சுழிப்புகூட இல்லை.

குரு சிரிக்கவில்லை. எழுந்து, காயப்போட்ட விதைகளையெல்லாம் முறத்தில் வாரிக் குடிசைக்குள் வைத்துவிட்டு வந்தார்.

பரிசல்காரன் இரண்டு தரம் கூப்பிட்டான்.

அம்பலவாணர் எழுந்தார். புத்தகத்தின் மேல் கிடந்த துண்டை எடுக்கவில்லை.

"அவளை நிறுத்தலை, சாமி. மேல் வகுப்புக்கு அனுப்பிடறேன். ஆனா நாளைக்கு அவ எதிர்ல போய் நின்னா, என்ன கேட்கிறதுன்னு தெரியலை. எனக்குத் தெரிஞ்ச கேள்வியெல்லாம் புத்தகத்துக் கேள்வி."

குரு அக்கரையைப் பார்த்தபடி இருந்தார்.

"அந்தத் தாயும் குழந்தையும் கரை சேர்ந்தாங்களான்னு கேளுங்க," என்றார். "கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லுங்க."