குறுக்கெழுத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிய கதை

குமிழிமடை என்ற ஊரில் முட்டாள்கள் யாரும் கிடையாது. சந்தேகம் வந்தபோது ஊரே கூடிப் பேசி, கை தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்து, அப்படித்தான் முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

அந்த ஊர்க்காரன்தான் சடையாண்டி. யார் என்ன சொன்னாலும் தட்டாமல் செய்கிற மனுசன். அவனுடைய கஷ்டமே அதுதான்.

ஒருநாள் அவன் பெண்டாட்டி செண்பகவல்லி கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு, "மாவு பொங்கி வழியுதான்னு பார்த்துக்கிட்டே இருங்க, இந்தா வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். சடையாண்டி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். மாவு பொங்கியது. பார்த்தான். வழிந்தது. அதையும் பார்த்தான். அடுப்படியில் அவள் ஆசைப்பட்டுக் கட்டம் கட்டமாகப் பதித்த கறுப்பு வெள்ளைக் கல் தரை முழுக்க ஒரே வெள்ளையானது.

"வழிஞ்சுதா?"ன்னு அவள் கேட்கும் முன்னாலேயே, "வழிஞ்சுது, நல்லாப் பார்த்தேன்" என்றான்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு, "முதல்ல கிரைண்டரைக் கழுவி வைங்க" என்றாள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனான். மோட்டாரோடு முக்கி, மாட்டைத் தேய்ப்பதுபோல வைக்கோலால் தேய்த்து, கவிழ்த்துவைத்துக் கொண்டுவந்தான். கழுவினதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஓடத்தான் இல்லை. கொஞ்ச நாளில் உள்ளே செக்கச்செவேல் என்று துரு ஏறிவிட்டது.

செண்பகவல்லி பெட்டியைக் கட்டினாள். "எங்கம்மா வீட்டுக்குப் போறேன். வேற கிரைண்டர் இந்த வீட்டுக்கு வந்தா நானும் வர்றேன். அதுவரைக்கும் தேடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஆவரங்காட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். சடையாண்டியும் தேடவில்லை. தேடாதே என்று சொல்லியிருக்கிறாளே! ஆனால் சோறு இறங்கவில்லை.

தாடி வளர்ந்துபோய் ஒருநாள் காத்தவராயன் சலூனுக்குப் போனான். அங்கே கிடந்த வாரப் பத்திரிகையைத் திறந்தால், பளபளவென்று ஒரு கிரைண்டர் படம். பக்கத்திலே ஏதோ கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. படிக்கச் சொல்லி உலகநாதனைக் கூப்பிட்டார்கள். உலகநாதன் எட்டாவது படித்தவர். எட்டாவதை மட்டும் திரும்பத் திரும்பப் பலமுறை படித்ததால், ஊரிலேயே அதிகம் படித்தவர் அவர்தான்.

"பொது அறிவுக் குறுக்கெழுத்துப் போட்டி. கட்டங்களைச் சரியா நிரப்பி அனுப்பினா கிரைண்டர்" என்று வாசித்தார் அவர்.

சடையாண்டி பாதிச் சவரத்தோடு எழுந்து நின்றுவிட்டான். "அண்ணே, நிரப்பிடுவோம்ணே! நிரப்பினா என் வீட்டையே நிரப்புன மாதிரி."

அந்த நேரம் பார்த்து நீர்ப்பாய்ச்சி வெயிலுகந்தான் மண்வெட்டியோடு உள்ளே வந்தார். கண்மாய்த் தண்ணீரை யார் வயலுக்கு எப்போது விடுவது என்று முறை வைப்பது அவர் வேலை. கட்டத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு வயல்டா?"

"வயல் இல்ல மாமா, போட்டி" என்றான் சடையாண்டி.

"எனக்கே சொல்றியா? இந்தா, சின்னச் சின்னப் பாத்தி. சுத்தி வரப்பு. கறுப்பா இருக்கிறது மேட்டுப் புறம்போக்கு. கீழே என்ன போட்டிருக்கான்?"

உலகநாதன் படித்தார். "இடமிருந்து வலம். மேலிருந்து கீழ்."

"பார்த்தியா! தண்ணி எப்படிப் பாயணும்னு எழுதியிருக்கான். கீழேயிருந்து மேலே ஏறாதுன்னும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. விவரமானவன்தான்."

"கறுப்புக் கட்டங்களில் எதுவும் எழுதக் கூடாதுன்னும் போட்டிருக்கு."

"புறம்போக்குல எவன் வெள்ளாமை வைப்பான்? சரியாத்தான் சொல்லியிருக்கான்."

இத்தனை பொருத்தத்தைப் பார்த்தபிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குமிழிமடை வழக்கப்படியே கட்டத்தைப் பங்கு பிரித்தார்கள். மேல்வரிசை படித்தவருக்கு. அதிலிருந்து கீழே இறங்குவது சலூன்காரர் காத்தவராயனுக்கு. அடியிலே, மூலையிலே, கடைமடையிலே கிடந்த இரண்டே இரண்டு கட்டம் சடையாண்டிக்கு. அவன் வயலும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில்தான் இருந்தது. அவனுக்கு அது பழகிப்போச்சு.

முதல் கேள்வி: பாலைவனக் கப்பல் எனப்படும் விலங்கு. உலகநாதன் மைப்பேனாவைத் திறந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு 'ஒட்டகம்' என்று எழுதினார்.

அடுத்தது காத்தவராயனுடையது. பூமியின் பெரும்பகுதியை மூடியிருப்பது, மூன்று எழுத்து.

"புழுதி" என்றார் காத்தவராயன். "மூணு எழுத்து வருதா? தினமும் கடை கூட்டுறவன் நான்."

"கடல்னுதான் பாடத்துல இருந்துச்சு" என்றார் உலகநாதன்.

"கடலை யாராச்சும் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் நீர்ப்பாய்ச்சி. "நான் ராமேசுவரத்துல பார்த்தேன். மதகு எங்கேன்னு கேட்டேன், ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியல. அவ்வளவு பெருசு. கடலே போடு."

காத்தவராயன் பேனாவை வாங்கி எழுதப் போனவர் திடுக்கிட்டார். அவருடைய முதல் கட்டத்தில் ஏற்கெனவே ஒரு 'க' உட்கார்ந்திருந்தது.

"யோவ், என் கட்டத்துல எதுக்குய்யா எழுதினே?"

"அது என் ஒட்டகத்துல வர்ற க."

"என் வரப்புக்குள்ள இருக்கே!"

சடையாண்டி மெதுவாகச் சொன்னான். "அண்ணே, உங்களுக்கும் க தானே வேணும். இருக்கிறதையே வச்சுக்கிட்டா என்ன?"

"எனக்கு வேண்டியது கடலோட க. ஒட்டகத்தோட க எனக்கு எதுக்கு? அவன் போட்ட நாத்தை நான் அறுத்தா நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?"

நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. நீர்ப்பாய்ச்சி தாடையைத் தடவினார். பிறகு கட்டத்துக்கு நடுவே மெல்லிசாக ஒரு வரப்பு போட்டு, அந்தப் பக்கம் ஒட்டகத்துக்கு ஒரு க, இந்தப் பக்கம் கடலுக்கு ஒரு க என்று தீர்ப்புச் சொன்னார். வரப்பு கோணலாக இருக்கிறது என்று இருவரும் சண்டை போட, அதை அழுத்தி அழுத்திப் போட்டுப் பேனாவில் இருந்த மையெல்லாம் அதற்கே செலவாகிவிட்டது.

கடைசியாகச் சடையாண்டியின் முறை. உலகநாதன் கேள்வியை வாசித்தார். "இரும்பு ஈரத்தில் கிடந்தால் பிடிப்பது. இரண்டு எழுத்து."

சடையாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "துரு! துரு அண்ணே! எங்க வீட்டுக் கிரைண்டர்ல நானே பார்த்தேன்!"

வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் சரியான பதில் அதுதான். பேனாவை வாங்கி எழுதினான். கீறியது. உதறி எழுதினான். காகிதம்தான் பள்ளமானது.

"கடைமடைக்கு என்னைக்கு ஒழுங்காத் தண்ணி வந்திருக்கு?" என்றான் சடையாண்டி.

நீர்ப்பாய்ச்சிக்கு ரோசம் வந்துவிட்டது. "என் காலத்துல ஒரு வயல் காஞ்சதுன்னு பேர் வரக் கூடாது. மைப்புட்டி எங்கே?"

"பேனாவுல ஊத்தித் தர்றேன் மாமா" என்றார் உலகநாதன்.

"செம்புல மொண்டு வயலுக்கு ஊத்துவியா? மடையைத் திறடா!"

பத்திரிகையைத் தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்கள். மேலே இடது மூலையில் மைப்புட்டியைக் கவிழ்த்தார் நீர்ப்பாய்ச்சி. மை இடமிருந்து வலம் போனது. மேலிருந்து கீழே இறங்கியது. ஒட்டகம் மூழ்கியது. கடல் மூழ்கியது. சண்டைபோட்ட வரப்பும் மூழ்கியது. கடைசியில் கடைமடைக்கும் மை வந்து சேர்ந்தபோது சடையாண்டி கையெடுத்துக் கும்பிட்டான்.

மொத்தமும் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. பிறகு உலகநாதன் செருமினார்.

"கறுப்புக் கட்டத்துல எதுவும் எழுதக் கூடாதுன்னு சட்டம்."

"சரி."

"இதுல வெள்ளைக் கட்டம் எது?"

எல்லோரும் குனிந்து தேடினார்கள். "ஒண்ணும் இல்ல."

"அப்போ எழுத வேண்டியது?"

"ஒண்ணும் இல்ல."

"அப்போ முடிஞ்சுபோச்சு."

"என் துரு?" என்றான் சடையாண்டி.

"உள்ளதான்டா இருக்கும்" என்று தட்டிக்கொடுத்தார் நீர்ப்பாய்ச்சி. "தண்ணி கட்டின வயல்ல விதை வெளியே தெரியுமா?"

காயவைத்து, கத்தரித்து, தபாலில் போட்டார்கள். போட்ட கையோடு சடையாண்டி வீட்டுக்குப் போய் அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்தான். கிரைண்டர் வரத் தாமதமானதால் அது புளித்து, நுரைத்து, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு போனது.

ஒருவழியாக முடிவு வந்த பத்திரிகையும் சலூனுக்கு வந்தது. உலகநாதன் வாசித்தார். "விடைகள்: ஒட்டகம், கடல், துரு..."

"எல்லாம் நம்முது!" என்று காத்தவராயன் கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்தார்.

"கிரைண்டர் பெறுபவர்: செண்பகவல்லி, ஆவரங்காடு."

சடையாண்டி யோசித்தான். "அடடே, இதே பேர்ல எனக்கு ஒரு பொண்டாட்டி இருக்காளே. அவளும் இப்ப ஆவரங்காட்டுலதான் இருக்கா."

மறுநாள் ஒரு வண்டியில் கிரைண்டரும், அதன்மேல் சாய்ந்துகொண்டு செண்பகவல்லியும் வந்து இறங்கினார்கள். சடையாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"உனக்கு எப்படிம்மா அந்தத் துரு தெரிஞ்சுது?"

"உங்களோட குடும்பம் நடத்துறவளுக்கு அதுகூடத் தெரியாதா?" என்றாள். ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே மாவாட்டி வைத்து, விடிந்ததும் இட்லி ஊற்றினாள். அத்தனை நாள் விட்டுப்போன சாப்பாட்டையெல்லாம் சேர்த்து அவன் சாப்பிட்டான்.

பிறகு கோயிலுக்குக் கிளம்பும்போது விரலை நீட்டிச் சொன்னாள். "கிரைண்டரைச் சுத்தமாக் கழுவி வைங்க. ஆனா ஒண்ணு. இதை வாய்க்கால் பக்கம் கொண்டுபோனீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"சத்தியமாக் கொண்டுபோக மாட்டேன்" என்றான் சடையாண்டி. சொன்னால் சொன்னதுதான்.

அவள் திரும்பி வந்தபோது தெரு நடுவில் புதுசாக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. தண்ணீர் இடமிருந்து வலமாக ஓடிவந்து, அவள் வீட்டு வாசற்படியில் மேலிருந்து கீழாக இறங்கி, நேரே அடுப்படிக்குள் போய்க்கொண்டிருந்தது. கிரைண்டர் இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் அசையவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது. சடையாண்டி அதை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தான். வாசலில் நீர்ப்பாய்ச்சி மண்வெட்டியோடு காவல் நின்றார்.

உள்ளே உலகநாதனும் காத்தவராயனும் தண்ணீருக்குள் குனிந்து, ஆளுக்கொரு துணியை வைத்துக்கொண்டு, தரையில் எதையோ மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் என்ன அண்ணே பண்றீங்க?" என்றாள் செண்பகவல்லி.

உலகநாதன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பொறுப்பாகச் சொன்னார்.

"வெள்ளைக் கல்லெல்லாம் நிரம்பிடுச்சு தங்கச்சி. கறுப்புக் கல்லுல மட்டும் எதுவும் இருக்கக் கூடாதுல்ல?"